ஏகமனதாக

எங்க கற்பகம் நகர்ல எந்தத் தீர்மானம் போட்டாலும் ஏகமனதாத்தான் நிறைவேறும். செயலாளர் நவநீதன் சார் "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னு சொல்லுவார், அந்த மூச்சு அடங்குறதுக்குள்ள "ஏகமனதாக நிறைவேறியது"ன்னும் சொல்லிடுவார், தலையை நிமிர்த்திப் பார்க்கவே மாட்டார், ஏன்னா அந்நேரம் பொங்கல் வடைப் பொட்டலம் வந்து இறங்கியிருக்கும், வடை ஆறிப்போச்சுன்னா எங்க ஆளுங்க செயலாளரையே மாத்திப்புடுவாங்க. நான் மரகதம், மூணாவது தெரு. எனக்கு வாய் ஜாஸ்தின்னு காலனியில ஒரு பேரு உண்டு, இருந்துட்டுப் போகட்டும், வாய் ஜாஸ்தியா இருக்கிறவதான இதையெல்லாம் சொல்ல முடியும்.

காலனின்னு பேருதான் பெருசு. மதுரையில ரிங் ரோட்டைத் தாண்டி, நாலு தெரு, ஒரு பிள்ளையார் கோயில், சுத்தி ஒரு காம்பவுண்டுச் சுவர். புள்ளைங்க எல்லாம் பெங்களூரு, புனே, அமெரிக்கான்னு போயாச்சு. வீட்டுக்கு வீடு நாங்க ரெண்டு பேரு, சில வீட்ல ஒத்த ஆளு, பேசுறதுக்கு டிவி. முன்னாடி ஒரு பெரிய கேட், பின்னாடி ஒரு துருப்பிடிச்ச சின்னக் கேட். அந்தப் பின் கேட்டைத் தாண்டினா ஓடைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க குடியிருக்கிற இடம். அங்க இருந்துதான் பூக்காரம்மா செங்கமலம் வரும், கீரை வரும், பாத்திரம் தேய்க்க ஆள் வரும், பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழியா ஸ்கூல் பிள்ளைங்க போகும்.

அந்தக் கேட்டை ஒட்டின கடைசி வீடு தவமணி அக்கா வீடு. ஒத்தப் புங்க மரம், ஒத்த ஜன்னல், ஒத்த ஆளு. கல்யாணம் பண்ணிக்கலை. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தவங்க, ஊர்ல உள்ளவங்களையெல்லாம் ஒருத்தரோட ஒருத்தரை இணைச்சு விட்டே தலை நரைச்சுப் போச்சு. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் அந்த வீட்டுப் போன் அடிச்சு நான் கேட்டதில்லை. ஆனா காலையிலயும் மத்தியானமும் ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாங்க, பின் கேட்ல போறவங்க வர்றவங்க எல்லாரும் நடையை நிறுத்தாமலே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவாங்க: "அக்கா, சாப்பிட்டாச்சா?" இவங்களும் "ஆச்சும்மா, நீங்க?"ன்னு கேட்பாங்க. அதுக்குப் பதில் வர்றதுக்குள்ள ஆள் தாண்டிப் போயிருக்கும். ஒரு நாளைக்கு அவங்க பேசுற பேச்சு மொத்தமும் அவ்வளவுதான், அதை வச்சுத்தான் அவங்க பொழுது ஓடுச்சு.

இப்ப, அந்தக் கேட்டைத்தான் மூடணும்னு கூட்டம் போட்டோம். ஞாயித்துக்கிழமை, கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகை. "குடியிருப்போர் கருத்துக் கேட்பு"ன்னு போர்டு வேற. கருத்துன்னா எங்களுக்குக் கேக்கணுமா? ஆடு வருது, செடியைக் கடிக்குதுன்னு ஒருத்தர். ஆடு வந்தாத் தேவலை, ஆளுங்கல்ல வர்றாங்கன்னு இன்னொருத்தர். வாசல்ல விட்ட செருப்பைக் காணோம்னு ஒரு அம்மா, அந்தச் செருப்பை நாய் தூக்கிட்டுப் போனதை நானே பார்த்தேன், சொன்னேன், யார் கேட்டா? கேட்டை மூடினா வீட்டு விலை ஏறும்னு தலைவர் சொன்னார், விக்கப் போறவர் மாதிரி. தலைவர் வீட்டம்மா சுலோச்சனா, "அந்தப் பக்கத்து ஆளுங்க"ன்னு சொல்லிட்டு அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாம கண்ணை மட்டும் உருட்டுச்சு. அந்தக் கண்ணு சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுது, புரியாத மாதிரியும் இருந்தோம்.

அப்பத் தவமணி அக்கா கடைசி வரிசையில இருந்து, ஸ்கூல் பிள்ளை மாதிரி, பேசணும்னு மெதுவாக் கையைத் தூக்கினாங்க. நவநீதன் சார் ஓரக்கண்ணால பார்த்தார். "அப்புறம், அப்புறம்மா, நேரமாச்சு"ன்னார். அவங்க கையை இறக்கிட்டாங்க. உடனே, "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னார். தூக்கினோம், நானுந்தான் தூக்கினேன், செயலாளர் பேனாவை வச்சுட்டு அவரும் தூக்கினார், தவமணி அக்கா ஒருத்தரைத் தவிர அத்தனை வலது கையும் மேல போச்சு. "ஏகமனதாக நிறைவேறியது." பொட்டலம் வந்துச்சு. வாங்கலாம்னு கையை இறக்கினா, இறங்கலை.

வலி கிலி ஒண்ணும் இல்லை. அது பாட்டுக்கு மேல நிக்குது, அவ்வளவுதான். பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், எல்லாரும் இடது கையால பொட்டலத்தை வாங்கிக்கிட்டு, "மணி ஆச்சு, வெயில் ஏறிடும்"னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குக் கிளம்பினோம், பத்துப் பதினஞ்சு நாள் மழை பெஞ்சா குடையோட போற மாதிரி கையோட போனோம்.

ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்துட்டு, எலும்பு நல்லாத்தான் இருக்குங்க, கை மட்டும் மேல இருக்குன்னு சொன்னாங்க, அது எங்களுக்கே தெரியும். கையைத் தூக்கிக்கிட்டே படுத்தோம். ஃபேன்ல அடிபடும்னு நின்னுக்கிட்டு இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வச்சோம். டெய்லர் ஒருத்தர் விலாவுல பிளந்து பட்டன் வச்ச ஜாக்கெட்டும் சட்டையும் தச்சுக் குடுத்தார், நல்லா இருக்கேன்னு பக்கத்துக் காலனியில சும்மா இருந்தவங்களும் ரெண்டு தச்சுக்கிட்டாங்க. எந்தக் காலத்துலயும் எங்க ஸ்டாப்புல நிக்காத பஸ், நாங்க கையைக் காட்டுறோம்னு நினைச்சு ஒண்ணு விடாம நின்னுச்சு, ஏறலைன்னா கண்டக்டர் திட்டுவார், அதுக்காகவே நாலு பேர் ஏறி டவுனுக்குப் போய்ட்டுச் சும்மா திரும்பி வந்தாங்க. என் வீட்டுக்காரர் கையில ஒரு காக்கா வந்து உட்காரும், விரட்டினாரு, அப்புறம் விட்டுட்டாரு, கடைசியில அது வரலைன்னா தேட ஆரம்பிச்சிட்டாரு. டிவிக்காரங்க வந்தாங்க, எடுத்தாங்க, வேற எங்கயோ யானை ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு கிளம்பிப் போயிட்டாங்க.

கேட் மட்டும் மூடின பாடில்லை. அது துருப்பிடிச்ச கதவு, ரெண்டு கையும் போட்டுத் தூக்கி இழுத்தாத்தான் நகரும். எங்கள்ல ரெண்டு கை யாருக்கு இருக்கு? வெல்டிங்காரரைக் கூப்பிட்டோம், அவரு அந்தப் பக்கத்து ஆளு, "எங்க வழியை நாங்களே வந்து அடைக்கணுமாக்கும்? நல்லாருக்குய்யா நியாயம்"னு போயிட்டார். ஆக, பூக்காரம்மா வந்துக்கிட்டும் போய்க்கிட்டும்தான் இருந்துச்சு, "சாப்பிட்டாச்சாக்கா"வும் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு.

எல்லாம் பழகிடுச்சு, சோறு மட்டும் பழகலை. பிறந்ததுல இருந்து வலது கையால பிசைஞ்சு தின்னவங்க, இந்த வயசுக்கு மேல இடது கையைத் தட்டுல வைக்கச் சொன்னா? சீ, நினைச்சாலே உமட்டுது. ஸ்பூன்ல எடுத்தோம். ரசஞ்சோத்தை ஸ்பூன்ல எடுத்துத் தின்னு பாருங்க, பாதி சட்டைக்கு, மீதி தரைக்கு. வீட்ல ஊட்டி விடுறதுக்குப் புள்ளையும் இல்லை, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு கையும் மேல. கதவைச் சாத்திக்கிட்டு ஆளுக்கொரு மூலையில, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம, அரைவயிறும் கால்வயிறுமாத் தின்னோம். காலனியே இளைச்சுப் போச்சு.

முதல்ல வெட்கத்தை விட்டது நவநீதன் சார்தான். அவர் சம்சாரம் மக வீட்டோட பெங்களூருல. மனுஷன் ஒரு நாள் மத்தியானம் தட்டோட கடைசி வீட்டு வாசல்ல போய் நின்னு, "ரெண்டு வாய் பிசைஞ்சு குடுப்பீங்களாம்மா?"ன்னாராம். தவமணி அக்கா ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலை. நாற்காலியைக் காட்டினாங்க, கையைக் கழுவிட்டு வந்தாங்க, பிசைஞ்சாங்க, ஊட்டினாங்க. மறுநாள் அவரோட ரெண்டு பேரு. அதுக்கு மறுநாள் நாங்களும் போனோம். அந்த வீட்டுக்குள்ள அதுக்கு முந்தி நான் கால் வச்சதே இல்லை, இத்தனை வருஷமா ஒரே காலனியில இருந்துக்கிட்டு!

அப்புறம் அது எப்படி ஆச்சுன்னா, அரிசியும் பருப்பும் காயும் நாங்க கொண்டு போய்க் குடுக்கிறது, அவங்க பெரிய குண்டான்ல பொங்கிறது, புங்க மரத்தடியில பெஞ்சு போட்டு நாங்க வரிசையா உட்கார்றது, அவங்க பேசின்ல சோத்தைப் போட்டுக் குழம்பை ஊத்திப் பிசைஞ்சு, உருட்டி, ஒரு ஓரத்துல இருந்து ஒவ்வொரு வாயா வந்துக்கிட்டே இருக்கிறது, கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள முதல் ஆளு மென்னு முழுங்கிட்டு வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது. தலைவருக்கு உருண்டை சின்னதா வேணும், பல்லு கட்டினது. சுலோச்சனாவுக்கு ஊறுகாயைத் தொட்டு வச்சாத்தான் இறங்கும். என் வீட்டுக்காரர் மீன் முள்ளுக்குப் பயப்படுவாரு, அவருக்கு விரல்ல தடவித் தடவிப் பார்த்துட்டுக் குடுப்பாங்க. எல்லாருக்கும் எல்லாமும் ஒரு வாரத்துல அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எனக்கு முதல் வாய் ஊட்டினப்போ அழுதுட்டேன். எங்கம்மா போனதுக்கு அப்புறம் எனக்குச் சோறு ஊட்டின கை அது ஒண்ணுதான். காரம்னு சொன்னேன், அன்னைக்குத் தயிர்ச்சோறு.

தவமணி அக்கா ஆளே மாறிட்டாங்க. நாற்காலி வாங்கிப் போட்டாங்க. பூ வச்சுக்கிட்டாங்க. எவர் வீட்டுப் புள்ளை போன் பண்ணுச்சு, எவர் வீட்டுப் புள்ளை பண்ணலைன்னு எல்லாம் அந்த மரத்தடியிலதான் பேச்சு, அவங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, இவர் சொன்னதை அவர்கிட்டயும் அவர் சொன்னதை இவர்கிட்டயும் சேர்த்து, பழைய ஆபரேட்டர் வேலையை மறுபடி பார்த்தாங்க. சிரிச்சாங்க. அவங்க சிரிச்சா அந்தப் பல்வரிசை எவ்வளவு அழகுன்னு எங்களுக்கு அப்பத்தான் தெரியும். நாங்க கிளம்பினதுக்கு அப்புறம், மத்த பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு, குண்டான் அடியில இருக்கிற ஆறின சோத்தை வழிச்சு, மரத்தடியில தனியா உட்கார்ந்து அவங்க தின்பாங்களாம். செங்கமலம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்க அதைப் பார்க்க நின்னதில்லை, எங்களுக்குத் தூக்கம் வந்துடும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, சுலோச்சனா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா. வாய் நிறையச் சோத்தோட ஒரு நாள் சொல்லுது: "ஏங்க, நாம எல்லாரும் தூக்கினோம், இந்தத் தவமணி மட்டும் தூக்கலையே. அப்புறம் எப்படி அது ஏகமனது?" மென்னுக்கிட்டு இருந்த அத்தனை வாயும் நின்னு போச்சு. நவநீதன் சாருக்கு முகமே வெளுத்துடுச்சு. ஒத்தக் கை பாக்கின்னுதான் எங்க கையெல்லாம் மேலேயே காத்துக்கிட்டு நிக்குது. இது ஏன் எங்க யாருக்கும் அதுவரைக்கும் தோணலைன்னு கேட்காதீங்க. கேட்டை மூட மாட்டோம்னு தீர்மானத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டாலும் கை இறங்கியிருக்குமோ என்னமோ, அதுவும் யாருக்கும் தோணலை.

அக்கா பிசைஞ்ச கையோட நின்னாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சோம். தோள்பட்டை மரத்துப் போச்சும்மான்னார் தலைவர். என் மக பிரசவத்துக்கு வர்றா, ஒத்தக் கையை வச்சுக்கிட்டுப் பிள்ளையை எப்படிக்கா கால்ல போட்டுக் குளிப்பாட்டுவேன்னேன் நான். நவநீதன் சார் எந்திரிச்சு வந்து, "கேட்டை மூடினா என்னம்மா? நாங்க இல்லை? தினம் வருவோம். உங்க கையால தின்ன சோறு மறந்துடுமா?"ன்னார். ஆமா, ஆமான்னோம். சத்தியமா அந்த நிமிஷம் மனசாரத்தான் சொன்னோம்.

அவங்க பின் கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தாங்க. செங்கமலம் பூக்கூடையோட வெளியே போய்க்கிட்டு இருந்துச்சு. "எல்லாருக்கும் இன்னொரு வாய் இருக்கு, அதை முடிச்சுடுவோம்"னு சொல்லி, குண்டான் காலியாகிற வரைக்கும் ஊட்டினாங்க. கையைக் கழுவினாங்க, முந்தானையில துடைச்சாங்க, மெதுவாத் தூக்கினாங்க.

கொத்தாக் காய் உதிர்ற மாதிரி எங்க கையெல்லாம் மடியில விழுந்துச்சு. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! முதுகைச் சொறிஞ்சுக்கிட்டோம், கையைத் தட்டினோம், ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம், தலைவர் கூட. அன்னைக்குச் சாயங்காலமே அத்தனை பேரும் ரெண்டு கையாலயும் பிடிச்சு அந்தக் கேட்டை இழுத்து மூடிப் பூட்டைப் போட்டோம். தவமணி அக்கா கை மேலேயே நிக்குதுன்னு யாரோ சொன்னாங்க. "எங்களுது இறங்கலை? தானா இறங்கிடும்"னோம்.

இறங்கலை. மகளுக்குப் பிள்ளை பிறந்துச்சு, எனக்குப் பேத்தி. நேரமில்லை. நேரமில்லைன்னு சொல்றதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சு. பஸ்ஸு மறுபடி நிக்காமப் போச்சு. கடைசி வீடு முட்டுச்சந்து ஆயிடுச்சு, அந்தப் பக்கம் எதுக்காகப் போறது? யாருக்கும் அங்க ஒரு வேலையும் இல்லை. நாளைக்குப் போவோம்னு எல்லாரும் நினைச்சோம், இவர் போயிருப்பார்னு அவரும், அவர் போயிருப்பார்னு இவரும். செங்கமலம் இப்ப ஊரைச் சுத்தி முன் கேட் வழியாத்தான் வருது. ஒரு நாள் பூவை முழம் போட்டுக்கிட்டே சொல்லுச்சு: "தவமணியம்மா மரத்தடியில நின்னா அவங்க கை மட்டும் சுவருக்கு மேல தெரியுதுங்க. டாட்டா காட்டுறாங்கன்னு எங்க பிள்ளைங்க எல்லாம் வெளியே நின்னு கையை ஆட்டுதுங்க. சுவரு மறைக்குதா, அவங்களுக்குத் தெரியாது." நான் ரெண்டு முழம் வாங்கிக்கிட்டு உள்ளே வந்துட்டேன்.

அப்புறம் அடுத்த கூட்டம் வந்துச்சு. அதே கொட்டகை, அதே போர்டு. தவமணி அக்கா கடைசி வரிசையில, மேல தூக்கின கையோட. முன் கேட்ல காவலுக்கு ஆள் போடணும்னு ஒரு தீர்மானம், "ஆதரிக்கிறவங்க"ன்னு நவநீதன் சார் வாயெடுக்கும்போதே, "இந்தா, தவமணியம்மா முதல் ஆளாத் தூக்கியாச்சு"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. தெருவுல துணி காயப்போடக் கூடாதுன்னு இன்னொண்ணு. அதுக்கும் அவங்க கைதான் முதல். மூணாவது, கடைசி வீட்டுப் புங்க மரத்துல காக்கா அடையுது, அசுத்தம், வெட்டிடணும். அதுக்கும், "பாருங்க, வீட்டுக்காரம்மாவே சம்மதிச்சாச்சு. ஏகமன..."

"நிறுத்துங்க சார்"னு கத்தினேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. "அவங்க கை எதுக்காக மேல இருக்குன்னு கேட்டீங்களா? அன்னைக்கும் பேசணும்னு தூக்கினாங்க, அப்புறம் அப்புறம்னீங்க. அந்த அப்புறம் இன்னும் வரலையா? கேளுங்க சார்!"

நவநீதன் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, முதல் தடவையா நிமிர்ந்து அந்தக் கடைசி வரிசையைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா. உங்க கருத்து என்ன?"

தவமணி அக்கா எந்திரிச்சு நின்னாங்க. எங்க எல்லார் முகத்தையும் ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. கேட்டைப் பத்திச் சொல்லப் போறாங்க, மரத்தைப் பத்திச் சொல்லப் போறாங்க, எங்களை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கப் போறாங்கன்னு நினைச்சேன். கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

"நான் இன்னும் சாப்பிடலை"ன்னாங்க.

அவ்வளவுதான். யாருமே கேட்காத ஒரு கேள்விக்கு அது பதில். நவநீதன் சார் மேஜையில இருந்த காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார், பாவம், வேற என்ன செய்யிறதுன்னு அவருக்கும் தெரியலை. "அது இன்னைக்கு அஜெண்டாவுல இல்லையேம்மா"ன்னார்.

அந்தக் கை மெதுவா, தானா, இறங்கிச்சு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சுங்கிற மாதிரி. அக்கா அதை இடது கையால கொஞ்ச நேரம் தேய்ச்சு விட்டுக்கிட்டாங்க, செருப்பை மாட்டினாங்க, பொட்டலம் வாங்காமலே கடைசி வீட்டைப் பார்த்து நடந்து போனாங்க.

எங்களுக்குப் பொட்டலம் வந்துச்சு. மடியில வச்சுப் பிரிச்சோம். பொங்கல் சூடா இருந்துச்சு, நெய் மணந்துச்சு. பிசைய முடிஞ்சுது, உருட்ட முடிஞ்சுது. வாய்க்குத் தூக்கணும்னு நினைச்சா ஒரு கையும் எழும்பலை. பக்கத்துல பார்த்தேன், சுலோச்சனா பார்த்துச்சு, தலைவர் பார்த்தார். எல்லாரும் கையில உருண்டையை வச்சுக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, குனிஞ்சு உட்கார்ந்திருந்தோம்.

நான் எந்திரிச்சேன். பொட்டலத்தை இடுப்போட அணைச்சுக்கிட்டு, அந்தத் தெருக்கோடிக்கு நடந்தேன். பூட்டின கேட்டுல சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. ஜன்னல் சாத்தியிருந்துச்சு, கதவும் சாத்தியிருந்துச்சு. தட்டலாம்னு பார்த்தா என் கை இடுப்புக்கு மேல வரமாட்டேங்குது. வாய் ஜாஸ்தின்னு பேரெடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு நாக்கு புரளலை. பூக்காரம்மா மாதிரி, கீரைக்காரம்மா மாதிரி, நடையை மட்டும் நிறுத்திட்டு, கேட்டேன்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம் உள்ளே நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.